நான்காம் வகுப்பு மகனுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை, பள்ளி 'மொழி விலக்கு' வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா?

பொன்னி_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை வாசித்ததோடு சரி, எழுதியதில்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் முகம் மாறிவிடும். 'பட்டம்' என்று இருந்தால் ப... ட்... ட... என்று கூட்டி முடிப்பதற்குள் முதலில் படித்த எழுத்து மறந்துபோகிறது. நேற்று 'கோபம்' என்பதை 'கேரபம்' என்று படித்தான். அப்படி ஒரு வார்த்தையே இல்லையே என்று கேட்டால், "அப்படித்தாம்மா போட்டிருக்கு" என்கிறான். ஆங்கிலமும் சுமார்தான், ஆனால் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவதால் அவ்வளவாகத் தெரிவதில்லை.

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "டிஸ்லெக்சியா (எழுத்துக் கூட்டி வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) மாதிரி தெரிகிறது. சான்றிதழ் வாங்கி வாருங்கள், தமிழிலிருந்து விலக்கு வாங்கிவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் கவனம் செலுத்தட்டும்." என் கணவர் சரி என்கிறார். அவருக்கும் சின்ன வயதில் படிப்பு இப்படித்தான் இருந்ததாம். மாமியார் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறார், தமிழ் படிக்கத் தெரியாத பேரனா என்று. எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலத்து_ராஜா

இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவன் ஒருவனும் கிடையாது. வாத்தியார் பிரம்பை எடுத்தால் தானாக வரும். செல்போனைப் பிடுங்கி வையுங்கள், எல்லாம் சரியாகும்.

மதுரை_அப்பா

ராஜா சார், உங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவன் இருந்திருப்பான். ஐந்தாம் வகுப்போடு நின்று மெக்கானிக் கடைக்குப் போயிருப்பான், அதனால் உங்களுக்கு நினைவில்லை.

பொன்னி அம்மா, மாலையில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றே ஒன்று: யார் சொன்னாலும் பையனை அடிக்காதீர்கள்.

கீரைக்கட்டு

தினமும் வல்லாரைக் கீரை கொடுங்கள் சகோதரி. ஞாபக சக்திக்கு அதைவிட வேறு மருந்து இல்லை. என் அக்கா மகன் இப்போது இன்ஜினியர்.

கரும்பலகை

அரசுப் பள்ளிகளுக்கான வட்டார வள மையம் ஒன்றில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லாரைத் துவையல் நன்றாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடட்டும். எழுத்துக் கூட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் 'படிப்பு வரவில்லை' என்று என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளில் கரும்பலகையே சரியாகத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்கிற பிள்ளைக்கு ல, ள வித்தியாசம் எப்படிக் கேட்கும்? இந்த இரண்டும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது அந்த 'கேரபம்'. உங்கள் மகன் ஏனோதானோ என்று படிக்கவில்லை. கண்ணில் பட்டதை இடமிருந்து வலமாக, வரிசை தவறாமல் படித்திருக்கிறான். 'கோ' என்ற எழுத்தை அச்சில் உற்றுப் பாருங்கள். முன்னால் ஒரு இரட்டைக்கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். மூன்று துண்டு. இரட்டைக்கொம்பையும் க-வையும் சேர்த்தால் 'கே'. மிச்சமிருக்கும் காலும் 'ர'வும் பல அச்செழுத்துகளில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கீழே அந்தச் சாய்வான வால் மட்டும்தான் வித்தியாசம். ஆக, கே, ர, ப, ம். அவன் கணக்கு சரி. முன்னாலும் பின்னாலும் இருக்கும் துண்டுகளைச் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்க வேண்டும் என்பதை மற்ற பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள். இவனுக்குத் தனியாகக் காட்ட வேண்டும். பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கொம்பையும் காலையும் மட்டும் வண்ணம் தீட்டிக் கொடுங்கள், க-வை அப்படியே விட்டுவிடுங்கள். 'பச்சையில் இரட்டைக்கொம்பும் காலும் இருந்தால் ஓ' என்று ஒரு விதி. சில நாளில் வண்ணம் இல்லாமலே பார்க்கப் பழகுவான்.

இது டிஸ்லெக்சியாதானா என்று நானோ உங்கள் பள்ளியோ 'மாதிரி தெரிகிறது' என்று சொல்லி முடிவு செய்ய முடியாது. முறையாகச் சோதிக்க வேண்டும். அறிவுத்திறன் சோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான சோதனைகள் எல்லாம் உண்டு. பெங்களூரில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே உங்கள் கணவர் தன்னைப் பற்றிச் சொன்னதையும் சோதிப்பவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். சி.ஆர்.ஆர். எண் என்று ஒன்று இருக்கும், உண்மையானவர்கள் கோபித்துக்கொள்ளாமல் காட்டுவார்கள்.

விலக்கு பற்றி: நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அதைப் பேசுவதே அவசரம். மொழிப்பாட விலக்கு என்பது பொதுத்தேர்வுக்கான சலுகை. ஒன்பது வயதில் அதைக் கையில் எடுத்தால் நடைமுறையில் என்ன ஆகும் தெரியுமா? தமிழ் வகுப்பு நேரத்தில் பையன் நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

தமிழய்யா

கரும்பலகை அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழை விட்டுவிடு என்று ஒரு பள்ளி சொல்வது கேட்கவே வேதனை. தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. அதிலிருந்து தப்பிக்கச் சில பள்ளிகள் இந்த டிஸ்லெக்சியா வழியைப் பிடித்திருக்கின்றனவோ என்று எனக்குச் சந்தேகம். தேர்ச்சி விகிதம் குறையக் கூடாதல்லவா?

இன்னொன்று. நாளைக்கு அரசு வேலைக்குப் போக வேண்டுமென்றால்? 2021இல் போட்ட அரசாணைப்படி டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் பொதுவாக 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும்.

மதுரை_அப்பா

> நாளைக்கு அரசு வேலைக்குப் போக வேண்டுமென்றால்?

ஐயா, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்போதே குரூப் 4 கவலை வேண்டுமா?

என் கதையைச் சொல்கிறேன். என் மகளுக்கு டிஸ்லெக்சியா. எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை சோம்பேறி, கவனமில்லை, திமிர் என்று எல்லாப் பட்டமும் வாங்கிவிட்டாள். சாயங்காலம் தமிழ் நோட்டை எடுத்தால் வயிற்றுவலி வரும். நடிப்பு இல்லை, நிஜமான வலி. பத்தாம் வகுப்பில் தமிழுக்கு விலக்கு வாங்கினோம். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், இரண்டும் கிடைத்தது. தேர்ச்சி பெற்றாள். இப்போது பி.காம். படிக்கிறாள்.

செய்யுள், உரைநடை, இலக்கணம், நெடுவினா என்று ஒரு பாடத்துக்குப் போகும் நேரத்தைக் கணக்கிலும் அறிவியலிலும் போட்டதால்தான் அவளால் மூச்சுவிட முடிந்தது. தமிழை நேசிக்காத குடும்பமில்லை எங்களுடையது. என் அப்பா திராவிட இயக்கத்துக்காரர், வீடு முழுக்கப் புத்தகம். ஆனால் பிள்ளை முக்கியமா, பாடம் முக்கியமா என்று வந்தபோது யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

அவள் தமிழ் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், பட்டிமன்றத்தில் நிறுத்தலாம். வாசிப்புதான் வராது. பேருந்துப் பலகையைக் கொஞ்சம் நின்று படிப்பாள். வாட்ஸப்பில் எல்லாம் குரல் பதிவுதான்.

சேலத்து_ராஜா

பிரம்பு என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. எல்லோரும் சேர்ந்து மேலே விழ வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி: தமிழ் சுலபமா ஆங்கிலம் சுலபமா? 26 எழுத்து எங்கே, 247 எழுத்து எங்கே? பள்ளி சொல்வதில் அந்த வகையில் நியாயம் இருக்கிறதே.

கரும்பலகை

ராஜா சார், நல்ல கேள்வி. அந்தப் பள்ளி மட்டுமில்லை, நிறையப் பேர் இந்தக் கணக்கில்தான் தமிழை விடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுத்து 26தான். ஆனால் 'புட்' (put) என்பதிலும் யு, 'பட்' (but) என்பதிலும் அதே யு. எந்த இடத்தில் எது என்பதற்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பழக வேண்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இப்படிக் குழம்பிக் கிடப்பதால் டிஸ்லெக்சியா பிள்ளைகளை ஆங்கிலம் ரொம்பவே படுத்தும். தமிழில் எழுதியிருப்பதை விதிப்படி கூட்டினால் பெரும்பாலும் சரியான ஒலி வந்துவிடும். க, ச, ட, த, ப இடத்துக்கேற்ப ஒலி மாறுவதைத் தமிழ் பேசும் பிள்ளை காதாலேயே சரிசெய்துகொள்ளும். இப்படிச் சீரான எழுத்துள்ள மொழிகளில் இந்தப் பிள்ளைகள் தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதுதான் அதிகம். இத்தாலிய மொழியிலும் ஜெர்மனிலும் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பொன்னி அம்மா எழுதிய 'ப... ட்... ட...' அதே கதைதான். மெதுவாக இருப்பது கேட்கிறவர்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும், அதனால் 'வரவே இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்புறம் 247. அதை 247 படமாக மனப்பாடம் செய்ய வைத்தால் யாருக்கும் கஷ்டம்தான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதோடு கால், கொம்பு, சுழி என்று உயிர்க்குறிகள். இந்தக் குறிகள் எந்த எழுத்தோடும் ஒரே மாதிரி ஒட்டும். விதிவிலக்கு உகர, ஊகார வரிசைகள்தான். கு, சு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள், மூன்று வகை வால். அந்த இரண்டு வரிசையை நான் கடைசியில்தான் எடுப்பேன், அதுவும் க-வில் தொடங்கி ன வரை அல்ல. சு, பு, வு, யு ஒரு கூட்டம். மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். து, நு, லு, று ஒரு கூட்டம். ஒன்று பழகினால் கூட்டத்தில் உள்ள மற்றவை எளிதாக வரும்.

1978இல் எம்ஜிஆர் ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய லை, ளை, னை, றா போன்ற தனி வடிவங்களை எடுத்துவிட்டுப் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்று பேசினார்கள். என் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக்காட்டினால் மட்டும் கவனியுங்கள், தும்பிக்கை போட்ட பழைய 'லை' நடுவில் வந்துவிடும்.

மதுரை அண்ணா முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பில் தெரியவந்து, பத்தாம் வகுப்புத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும்போது அதுதான் வழி. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்த்தாளை விட்டால் சுமை நிஜமாகவே குறையும். தமிழ்வழிப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு உதவாது. சமூக அறிவியல் வினாத்தாளே தமிழில்தான் இருக்கிறது, தமிழை விட்டு எங்கே போவது? அதனால் எங்கள் பக்கம் விலக்கு என்றால் ஆங்கிலத்துக்குத்தான் கேட்போம். ஆனால் பொன்னி அம்மாவின் மகனுக்குப் பத்தாம் வகுப்பு வர இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

மதுரை_அப்பா

அதை ஒப்புக்கொள்கிறேன். நாலாவதிலேயே உங்களைப் போல் ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போமோ. ஆனால் எல்லா ஊரிலும் கரும்பலகை இல்லையே மேடம். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உங்கள் வட்டார வள மையம் கதவைத் திறக்குமா?

கரும்பலகை

நியாயமான கேள்வி. எங்கள் வேலை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கானது. ஒரு வட்டாரத்துக்கு நாங்கள் சில பேர்தான். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி, பள்ளிப் பார்வை, மருத்துவ முகாம் நாளில் அலைச்சல், இதற்கு நடுவில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். உச்ச நீதிமன்றம் 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சிறப்பு ஆசிரியர் விகிதம் பற்றிச் சொன்னது. அதை ஒட்டி மத்திய அரசு தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று 2022இல் அறிவித்தது. நான் பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை இங்கே எழுதினால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

தனியார் பள்ளிகளைப் பற்றி யாராவது சட்டம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

விதி_எண்_16

கூப்பிட்டீர்களா? வந்துவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஏழு வகை இயலாமைதான் இருந்தது, கற்றல் குறைபாடு கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று அதில் இருக்கிறது. 'சான்றிதழ் கொண்டு வா, பாடத்தை விட்டுவிடு' என்று எங்கும் இல்லை. ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நீங்கள் இவனுக்கு என்ன கற்பித்தல் மாற்றம் செய்யப்போகிறீர்கள்? வாயால் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

ராஜா சாருக்கு: கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் தடை. பேச்சுக்கு என்றாலும்.

சான்றிதழ்: 2018இல் வந்த வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்கு மேல்தான். 14 வயதில் மறுபடி சோதனை, 18 வயதில் மறுபடி, 18இல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும் என்று அதில் இருந்தது. அரசு மருத்துவக் குழு தருவதுதான் செல்லும், தனியார் உளவியலாளரின் அறிக்கை சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் உதவும், அவ்வளவுதான். யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு வரும்போது தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகும்.

எழுதுபவர் விஷயத்தில் ஒரு வழக்கு நினைவில் வையுங்கள், விகாஷ் குமார் வழக்கு, உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரி. அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. 40 விழுக்காடு இயலாமை இருந்தால்தான் எழுதுபவர் என்று மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இன்னொன்று, ஐந்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வருமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2019இல் 5, 8 வகுப்புகளுக்கு அப்படி அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அந்த பயம் வேண்டாம்.

நெறியாளர்

'மூளைத் தூண்டல் பயிற்சி, டிஸ்லெக்சியா முழுக் குணம், உத்தரவாதம்' என்று தொலைபேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

கரும்பலகை

நன்றி நெறியாளர். டிஸ்லெக்சியாவை ஒரே மூச்சில் 'குணப்படுத்தும்' மாத்திரையும் இல்லை, கண்ணாடியும் இல்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் வித்தையும் இல்லை. முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு முன்னேறும். வேகம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம்.

தமிழய்யா

முதலில் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டேன், வகுப்பறை விஷயம் ஒன்று சொல்கிறேன். எழுத்து தெரிந்த பிள்ளைகூடப் பாடப் புத்தகத்தில் தடுமாறும் இடம் வினைச்சொல். புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று பதின்மூன்று எழுத்து. பிள்ளை வாயில் வருவது 'வந்துக்கிட்டு இருக்காங்க'. நன்றாக வாசிக்கிறவன் பாதி பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவான். தடுமாறுகிறவன் ஊகித்தால் பேச்சுத் தமிழில் ஊகிப்பான், 'தப்பு' என்று ஆசிரியர் சொல்வார். உண்மையில் அவனுக்குப் பொருள் புரிந்திருக்கிறது!

நான் செய்தது: அந்தச் சொல்லைப் பென்சிலால் கோடிட்டு வந்து | கொண்டு | இருக்கிறார்கள் என்று பிரித்துவிடுவேன். கோடு போட்ட புத்தகத்தைப் பார்த்து ஆய்வாளர் ஒருமுறை கேள்வி கேட்டார். போகட்டும்.

படிப்பதற்கு முன் அந்தப் பாடத்தை நீங்கள் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் அம்மா. புத்தகத் தமிழ் காதில் விழுந்திருந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். மாமியாரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் சாப்பிடவும் தொடங்குவார்.

பொன்னி_அம்மா

ஐயா, சிரித்துவிட்டேன். அத்தையிடம் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். இப்போது தினமும் மாலையில் அவர் வாசிக்கிறார், இவன் விரலை வைத்துக்கொண்டு பின்தொடர்கிறான்.

ஒரு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். கண், காது இரண்டும் சரி. சோதனையும் முடிந்தது. அறிவுத்திறன் வயதுக்கு உரியதுதான், வாசிப்பிலும் எழுத்திலும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது என்று அறிக்கை. கணக்கில் இல்லை. என் கணவர் அறிக்கையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு "எனக்கும் இதேதான் போலிருக்கு" என்றார்.

பள்ளியில் கடிதம் கொடுத்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது, முடிந்த இடத்தில் வாய்மொழியாகப் பதில் வாங்க வேண்டும், கரும்பலகையில் இருப்பதை முழுக்கப் பார்த்து எழுதச் சொல்லாமல் அச்சுப் பிரதி தர வேண்டும் என்று மூன்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவது "மற்ற பெற்றோரும் கேட்பார்கள்" என்று மறுத்துவிட்டார்கள். தமிழ் மிஸ் நல்லவர், தானாகவே தன் குறிப்பேட்டை போட்டோ எடுத்து அனுப்புகிறார்.

விலக்கு பற்றி எட்டாம் வகுப்பு முடியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சான்றிதழுக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறேன்.

கரும்பலகை அக்கா, வீட்டில் தினமும் எவ்வளவு நேரம், என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

கரும்பலகை

நல்ல செய்தி. மூன்றில் இரண்டு கிடைத்ததே பெரிது.

நேரம்: இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பலனில்லை.

தொடக்கத்தில் புத்தகமே வேண்டாம். ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'பட்டம்' என்று சொல்லுங்கள், அவன் ஒவ்வொரு எழுத்தொலிக்கும் ஒரு கொட்டை வைக்கட்டும்: ப, ட், ட, ம். நான்கு. அடுத்து 'படம்'. மூன்று. எந்தக் கொட்டை காணாமல் போனது என்று கேளுங்கள். அவன் சொல்வதை எழுதும் (டிக்டேஷன்) நோட்டை எடுத்துப் பாருங்கள், புள்ளி எழுத்துதான் அதிகம் விட்டுப்போயிருக்கும். அந்த ஒலி தனியாகக் காதில் விழாததால் கைக்கும் வருவதில்லை. கொட்டையில் பிடிபட்டால் நோட்டிலும் மெல்ல வரும். பிறகு முதல் கொட்டையை மாற்றி விளையாடுங்கள், பட்டம், சட்டம், கட்டம், வட்டம். அவன் கிரிக்கெட் பிரியன் என்றீர்களே, ஆட்டக்காரர்களின் பெயர்களையும் இப்படிக் கொட்டையில் வைக்கச் சொல்லுங்கள், விடவே மாட்டான்.

இது ஐந்து நிமிடம். அடுத்து எழுத்து. ஒரு நாளைக்கு ஒரு குறி மட்டும். இன்றைக்குக் கால் என்றால் மா, பா, தா, கா எல்லாம் கால்தான். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும், எழுதும்போதே வாயால் சொல்லட்டும். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். நோட்டில் பத்துத் தடவை எழுதுகிற தண்டனையால் கை மட்டும்தான் வலிக்கும். ஒன்றுபோல் தெரிகிற ர-வையும் காலையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள். ந, ன, ண-வும் அப்படியே. ஒன்று உறுதியான பிறகு அடுத்தது.

கடைசி பத்து நிமிடம் வாசிப்பு. நான்காம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வாசிப்புப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள், அது அத்தை வாசிக்க, அவன் கேட்க. பயிற்சிக்கு அவனால் பெரும்பாலான சொற்களைத் தானாகப் படிக்க முடிகிற புத்தகம் வேண்டும். தடுமாறினால் மூன்று நொடி பொறுங்கள், பிறகு சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திக் கூட்டச் சொன்னால் கதை செத்துவிடும். அதே பக்கத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் படிக்கட்டும், வேகம் தானாக வரும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இதே வேலையைச் செய்கிறது. தமிழ் மிஸ்ஸிடம் சொல்லிவையுங்கள், ஆர்வமுள்ளவராகத் தெரிகிறார்.

பொன்னி_அம்மா

ரொம்ப நன்றி அக்கா. அந்த மாதிரிச் சின்னப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? கடையில் கேட்டால் ஒன்று எல்கேஜி படப்புத்தகம், இல்லையென்றால் பக்கம் முழுக்க எழுத்து. அவனுக்கு எல்கேஜி புத்தகத்தைக் கொடுத்தால் அவமானமாக நினைக்கிறான்.

மதுரை_அப்பா

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் பாருங்கள் அம்மா. தமிழில் நிறையக் கதைகள், நிலை 1, நிலை 2 என்று பிரித்திருப்பார்கள். இலவசம், அச்சிட்டுக்கொள்ளலாம். நிலை 1இல் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான், படமெல்லாம் பெரிய பிள்ளைகளும் ரசிக்கிற மாதிரி இருக்கும். அச்சிடும்போது பெரிதாக எடுங்கள், வரிகளுக்கு நடுவில் இடம் கிடைக்கும். நிலை எண் அட்டையில் இருந்தால் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். விருந்தாளி வந்தால் 'படித்துக் காட்டுடா' என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் மகளும் இப்போது சாயங்காலத்தில் அதில் ஒன்றிரண்டு பார்க்கிறாள். தேர்வு இல்லையல்லவா, யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் தானாகவே எடுத்திருக்கிறாள்.

தமிழய்யா

மதுரை அப்பா, உங்கள் மகளுக்கு எழுத்து பெரிதாக உள்ள கதை ஏதும் வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள். கைப்படப் பெரிதாக எழுதி அனுப்புகிறேன். புது 'லை'தான் போடுவேன், கவலை வேண்டாம்.

சேலத்து_ராஜா

முழுக்கப் படித்தேன். என் தம்பி மகன் ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி. இதே மாதிரி எழுத்தெழுத்தாகப் படிக்கிறான். யாரிடம் போக வேண்டும்?

கரும்பலகை

தலைமையாசிரியரிடம் சொன்னால் வட்டார வள மையத்துக்குத் தகவல் கொடுப்பார். தாமதமானால் நீங்களே மையத்துக்குப் போய் சிறப்புப் பயிற்றுநர் என்று கேளுங்கள். பெற்றோர் நேரில் வரலாம், தடையில்லை. போகும்போது அவனுடைய பழைய தேர்வுத்தாள்களையும் நோட்டுகளையும் எடுத்துப் போங்கள், மதிப்பெண் பட்டியலைவிட அதில்தான் எங்களுக்கு விஷயம் தெரியும்.

புதுக்கோட்டை_மலர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெண் யுகேஜி. ஆங்கிலத்தில் பி-யையும் (b) டி-யையும் (d) மாற்றி எழுதுகிறாள், 3-ஐத் திருப்பிப் போடுகிறாள். இதுவும் டிஸ்லெக்சியாவா?

கரும்பலகை

யுகேஜியில் அது சர்வ சாதாரணம், பெரும்பாலான பிள்ளைகள் செய்வார்கள். இரண்டாம் வகுப்பு தாண்டியும் அப்படியே இருந்தால் பார்க்கலாம். இப்போது கவனிக்க வேண்டியது வேறு: ஒரே ஓசையில் முடியும் சொற்களைச் சொல்ல முடிகிறதா, சொன்ன பாட்டை வரிசையாகத் திருப்பிச் சொல்கிறாளா, எல்லாப் பொருளுக்கும் 'அது, இது' என்றே சொல்கிறாளா? இதற்குப் பதில் எழுதி ஒரு புது இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.